உறுத்தல்

கிருமாம்பாக்கத்துப் பக்கம் கத்திரிக்குப் பூச்சி மருந்து அடித்தால், கொல்லை மூலையில் குச்சி நட்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். துணி இருக்கிறவரை யாரும் காய் பறிக்கக் கூடாது. ஒரு வாரம் போகவேண்டும். இதெல்லாம் விற்கிற காய்க்கு. வீட்டுக்கென்று மோட்டார் கொட்டகைப் பக்கம் தனியாக இரண்டு வரிசை போட்டு, அதில் மருந்தையே காட்டமாட்டார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. ஊரே அப்படித்தான் செய்கிறது, கதிரவனும் அவன் பெண்டாட்டி புவனேஸ்வரியும் மட்டும் என்ன தனிப்பிறவிகளா?

முந்தின நாள் சாயங்காலம்தான் மருந்து அடித்திருந்தார்கள். விடிந்ததும் சமையல்காரர் சாமிக்கண்ணு போன் செய்தார். வில்லியனூரில் நாளைக்குக் கல்யாணம், வரவேண்டிய கத்திரிக்காய் வரவில்லை, வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார். பல வருஷ வாடிக்கை. "அனுப்புங்கண்ணே" என்று கதிரவன் சொல்லிவிட்டான்.

"நேத்துதானய்யா மருந்து அடிச்ச?" என்றாள் புவனேஸ்வரி.

"கழுவினா போயிடும். மிச்சம் மீதி வேகறப்ப போயிடும்."

"எனக்கு இன்னாவோ உறுத்துது."

"இன்னாடி உறுத்துது? கண்ல தூசி வுழுந்துச்சா?"

கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டான். உறுத்தல் என்பது முதலில் மனசுக்கு உரியதே அல்ல. கண்ணில் விழுந்த தூசி உறுத்தும், பாய்க்கு அடியில் கிடக்கும் கல் உறுத்தும். உடம்பு பட்ட பாட்டைத்தான் மனசு பிறகு தனக்கென்று எடுத்துக்கொண்டது. ஒரு வித்தியாசம் உண்டு. தூசி வெளியே வரும்வரை கண் நம்மைத் தூங்கவிடாது. பாழாய்ப்போன மனசு சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

புவனேஸ்வரிக்கு அன்றைக்கு உறுத்தியது நிஜம். வண்டிக்காரன் பார்த்து ஏதாவது கேட்டுவைப்பானே என்று பயந்து, கொல்லை மூலையில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டதும் அவள்தான். பறித்த காயைத் தொட்டித் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினாள். மருந்து வாடை போகவில்லை. நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கூடையை ஏற்றிவிட்டாள்.

மறுநாள் கல்யாணத்துக்குப் போகாமலாவது இருந்திருக்கலாம். ஆபத்துக்கு உதவினவர்கள் வராமல் இருப்பதா என்று சாமிக்கண்ணு விடாப்பிடியாகக் கூப்பிட்டார். போனதும் முதல் பந்தியிலேயே தன் மகள் யாமினிக்குப் பக்கத்தில் இருவரையும் உட்காரவைத்தார். யாமினி முழுகாமல் இருந்தாள், வயிறு லேசாகத் தெரிந்தது.

எண்ணெய்க் கத்திரிக்காய் வாளியைச் சாமிக்கண்ணுவே தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க கொல்லைக் காய்தாம்மா. வெண்ணெயாட்டம் வெந்துச்சு."

புவனேஸ்வரியின் கை தானாக இலைக்குக் குறுக்கே போனது. "எனக்கு ஒத்துக்காதுண்ணே. ஒடம்பெல்லாம் அரிப்பெடுக்கும்." யோசிக்காமலே வாயில் வந்த பொய் அது. கதிரவனும் வயிற்றைத் தடவிக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அவங்க பங்கையும் எனக்கே வைப்பா," என்றாள் யாமினி. "இது ஒண்ணுதான் வாந்தி வராம உள்ள போவுது."

மகள் ஆசையாகக் கேட்கிறாளே என்று அப்பா கரண்டி நிறைய அள்ளி வைத்தார். வேண்டாம் என்று புவனேஸ்வரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பந்தியே எழுந்திருக்கும், கதிரவன் மானம் இந்த இடத்திலேயே போய்விடும். அவன் முழங்கால் அவள் முழங்காலை அழுத்தியது. யாமினி ஒரு காயை முழுசாக மென்று விழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவள் வயிற்றைப் பார்த்தபோது புவனேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"யாமினி..."

"இன்னாக்கா?"

அந்தப் பெண் கையில் காயோடு திரும்பிச் சிரித்தாள். வாளியோடு நின்ற சாமிக்கண்ணுவும் திரும்பிப் பார்த்தார்.

"மெல்ல சாப்புடு கண்ணு," என்றாள் புவனேஸ்வரி. "பொரை ஏறிடப் போவுது."