சங்கருக்குச் செய்த உடம்பு

பேட்டையில் ஜவுளிக்கடைப் பொம்மை செய்கிற இஸ்ரவேல் என்றால் எல்லாருக்கும் தெரியும். முன்கோபக்காரன் என்பதும் தெரியும். தொழிற்பேட்டையில் என் கொட்டகைக்கு முதல்முறை வருகிற யாரும் வாசலிலேயே ஓர் அடி பின்னால் வைப்பார்கள். உள்ளே சேலையில்லாத பெண்களும் சட்டையில்லாத ஆண்களும் ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் ஒரே நிறம், கோதுமை நிறம். நம் ஊரில் அந்த நிறத்தில் பத்துப் பேர் தேறமாட்டார்கள், ஆனால் கடைக்காரர்களுக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் சபைப் போதகர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இஸ்ரவேல்னு பேர வச்சுக்கிட்டு விக்கிரகம் செய்யுதியே" என்றார்.

"கும்பிட்டாத்தான் ஐயா விக்கிரகம். இது சேலையக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கும்" என்றேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறு ஆவணியில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சிவசைலம் அண்ணாச்சி வந்தார். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு மஞ்சள் பை. பொம்மைகளைப் பார்த்து அவர் பின்வாங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஒரு ஆம்பளப் பொம்ம வேணும் தம்பி."

"எந்தக் கடைக்கு?"

"கடைக்கு இல்ல, வீட்டுக்கு. படுத்த மாதிரி இருக்கணும். கண்ணு மூடியிருக்கணும்."

"வேலை நேரத்துல வந்து வெளையாடாதிய அண்ணாச்சி" என்று சத்தம் போட்டுவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். அவர் கோபப்படவில்லை. ரெசின் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் போட்டோவையும் ஒரு நீலச் சட்டையையும் எடுத்து மடியில் வைத்தார்.

போட்டோவில் இருந்தவன் அவருடைய ஒரே மகன் கோமதிசங்கர். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புயலில் அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, உடம்பு வரவில்லை. இப்படி உடம்பு கிடைக்காமல் போனால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் காரியம் செய்வது அவர்கள் வழக்கம். அதற்கு அவர் மனைவி பிரம்மநாயகி சம்மதிக்கவில்லை.

"புல்லக் காட்டி என்னைய ஏமாத்தாதிய, உடம்பக் காட்டுங்க, அழுவேன்னு சொல்லிட்டா. ரெண்டு வருசமா ஒரு சொட்டு அழல தம்பி. சோறு பொங்குதா, ஆத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வாரா, யாரு கேட்டாலும் பிள்ள கப்பல்ல இருக்கான்னு சொல்லுதா. உள்ளுக்குள்ள காஞ்சு போயிட்டா. அவ அழுதாப் போதும். அதுக்குத்தான் உடம்பு செய்யச் சொல்லுதேன்."

"பொம்மைன்னு சொல்லுவியளா, மாட்டியளா?"

"சொல்லித்தான் காட்டுவேன். ஆனா ஒரு உருவத்தப் பாத்தா மனசு எறங்காதா?"

போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட் போட்டோவை வைத்து ஒரு முகத்தைச் செய்துவிட முடியாது. மகன் அப்பாவையே உரித்து வைத்திருந்தான், அதனால் அவர் முகத்திலேயே அச்சு எடுத்தேன். பெஞ்சில் படுக்க வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, பிளாஸ்டரைப் பூசினேன். அது காய்கிறவரை அசையக் கூடாது. அறுபது வயது மனிதர் பிணம் மாதிரியே கிடந்தார். அச்சை எடுத்தபோது கண்ணோரம் நனைந்திருந்தது. "பிளாஸ்டர் ஈரந்தான்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அந்த முகத்திலிருந்து முப்பத்தைந்து வயதைக் கழிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. சுருக்கத்தை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கன்னத்தை நிரப்பினேன், கோதுமை நிறத்தை ஒதுக்கிவிட்டு அவன் மாநிறத்தைப் பலதடவை கலந்து கலந்து பிடித்தேன். உடம்பை மட்டும் எப்போதும் போலவே செய்தேன். கடைப் பொம்மைக்குக் கை கழல வேண்டும், இல்லாவிட்டால் சட்டை போட முடியாது. தோளில் கால்வாசிச் சுற்றுத் திருகி இழுத்தால் கை தனியே வந்துவிடும். சங்கருக்கும் அப்படியே செய்தேன். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வேனில் போர்வை போர்த்திக் கொண்டுபோய் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளத்தின் மேல் படுக்க வைத்தோம். நீலச் சட்டை, வேட்டி. பிரம்மநாயகி மதினி அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பொம்ம செய்யச் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி.

மதினி குனிந்து பார்த்தார். புருவத்தை ஒரு விரலால் நீவிவிட்டார். "புருவம் அவனதுதான். காதுக்குப் பின்னால மச்சம் இல்லியே" என்றார். அவ்வளவுதான். உலையில் அரிசி போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி மறுபடியும் கொட்டகைக்கு வந்தார். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

"கட்டில்ல படுக்க வச்சு ஃபேனப் போட்டுட்டா தம்பி. நான் இருமுனாக்கூட, பைய இருமுங்க, பிள்ள தூங்குதான்லாங்கா. காதுக்குப் பின்னால மையில மச்சம் வச்சிருக்கா. இப்ப கண்ணத் தொறந்து தரச் சொல்லுதா. நான் அவளக் கரையேத்தப் பாத்தேன், ஆழத்துல தள்ளிட்டேன்."

"நான் வந்து முடியாதுன்னு சொல்லிருதேன்" என்றேன். சொல்லிவிடவும் நினைத்துத்தான் போனேன். போதகர் சொன்னது வழியெல்லாம் என்னைக் குடைந்தது. கும்பிட்டால்தான் விக்கிரகம் என்று எவ்வளவு திமிராகச் சொன்னேன்!

மதினி வாசலிலேயே சிரித்த முகத்தோடு காத்திருந்தார். ரெண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துத் தான் பார்த்ததில்லை என்று அண்ணாச்சி பின்னால் சொன்னார்.

"வா தம்பி. கண்ணத் தொறந்துட்டா அவன் என்னயப் பாப்பாம்லா?"

அந்த முகத்துக்கு முன்னால் முடியாது என்கிற வார்த்தை எனக்கு வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வரவில்லை. வெளிச்சம் வேண்டும், ஜன்னலோரம் மேசையில் தூக்கிப் போட்டால்தான் இமையை அறுக்க முடியும் என்று மட்டும் சொன்னேன்.

பொம்மையைத் தூக்குவதற்கு முன்னால் கையைக் கழற்றிவிடுவோம். இருபது வருஷமாக அப்படித்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன், இடது தோளைப் பிடித்தேன், திருகினேன், இழுத்தேன். 'டக்'கென்று கை என் கையோடு வந்துவிட்டது.

"ஏலே! பிள்ள கைய என்னலே செய்யுத!"

அந்த மாதிரி ஓர் அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மதினி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மதினி அணைத்த கையை விலக்கிப் பார்த்தார். தோள் பக்கம் உள்ளே வெறும் குழல். சாம்பல் நிறத்தில் ஃபைபர் நார் நீட்டிக்கொண்டிருந்தது. உள்விளிம்பில் என் கையெழுத்து இருந்தது. எந்தக் கை எந்தப் பொம்மைக்கு என்று மாறிவிடாமல் இருக்க எல்லாவற்றிலும் பென்சிலால் எழுதிவிடுவேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆண். பதினாலு. இடது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பதினாலா? இவன மாதிரி எத்தன பேருடா செஞ்ச?"

"இவன் ஒருத்தந்தான் மதினி. அது வரிசை நம்பரு."

அவர் அந்தக் குழலுக்குள் தன் விரல்களை விட்டார். அவர் கை முழங்கைவரை உள்ளே போயிற்று. உள்ளே எதையோ தேடுகிற மாதிரி துழாவினார்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றார். பிறகு அண்ணாச்சியிடம், "ஏங்க, உள்ள ஒண்ணுமே இல்லங்க. எம் பிள்ள இல்லங்க" என்றார்.

அதற்குப் பிறகு அழுதார். இரண்டு வருஷத்து அழுகை. கையை மடியில் போட்டுக்கொண்டு, தரையில் அறைந்து அறைந்து, சங்கரா சங்கரா என்று. அண்ணாச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவரும் அழுதார். நான் இமை அறுக்கிற கத்தியைப் பையில் போட்டு மூடிவிட்டு நின்றேன். நானும் அழுதேன், அதைச் சொன்னால் என்ன?

அடுத்த வாரமே காரியம் வைத்தார்கள். வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள், போனேன். கூடத்தில் அதே இடத்தில் தர்ப்பைப் புல் உருவம் கிடந்தது. தலையென்று ஒரு தேங்காய், கைகால் என்று புல்லைக் கட்டிய நாலு கட்டு. கண் கிடையாது, மூக்குக் கிடையாது. என் கொட்டகையில் ஒரு சிறுபிள்ளைகூட அதைப் பொம்மை என்று ஒத்துக்கொள்ளமாட்டான். மதினி அந்த நீலச் சட்டையைக் கொண்டுவந்து அதன் மேல் விரித்தார். காலரைச் சரிசெய்தார்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "புல்லு புல்லாவே இருக்கு தம்பி. நாந்தான் பிள்ளன்னு அது சொல்லல" என்றார்.

ஆண்கள் உருவத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்கள். அண்ணாச்சி கையில் தீச்சட்டி. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். மதினி தெருவில் விழுந்து அழுதார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாம் அடங்கியபிறகு பொம்மையை வேனில் ஏற்றினேன். மதினி மெதுவாக நடந்து வந்து, துண்டில் சுற்றியிருந்த அந்தக் கையை அதன் பக்கத்தில் வைத்தார்.

"இவன எந்தக் கடையிலயும் நிறுத்திராத."

"நிறுத்த மாட்டேன் மதினி."

போர்வையை எடுத்து நான் முகத்தை மூடப் போனேன். அவர் என் கையை விலக்கிவிட்டுப் போர்வையைக் கழுத்தோடு நிறுத்தி, இரண்டு பக்கமும் செருகிவிட்டார்.

"கண்ணத் தொறந்துராத தம்பி" என்றார். "தூங்கட்டும்."