எது அக்காவின் கிதார்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. மாடி வீட்டில் குடியிருக்கும் கிதார்க்காரர் ஒருநாள் சாவியைத் தொலைத்துவிட்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். பூட்டுத் திறப்பவர் வந்து சேர்வதற்குள் மூன்று டம்ளர் டீயும் இந்தக் கதையும் முடிந்துவிட்டன. ஆக, நான் எழுதுவதே ஒரு நகல்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சைப்ரஸ் மரத்தின் மணம் அந்தப் பட்டறையில் ஒரு பழைய நினைவைப் போல..."

வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.

2

அக்கா ஃபிளமெங்கோ கிதார் செய்கிறவள். நானும் நீங்களும்கூட அவளை அக்கா என்றே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ நடனம் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற கிதார் அது. நகத்தால் தந்திகளை வாரி அடிப்பார்கள், நடுநடுவே பலகையிலேயே தட்டுவார்கள். சத்தம் பளிச்சென்று எழுந்து சட்டென்று அடங்க வேண்டும். அதற்காக அக்கா பலகையை இழைப்பாள், விரலால் தட்டிக் கேட்பாள், உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி இழைப்பாள். ஆண்டுக்கு ஆறு கிதார். ஏழாவதைக் கேட்டால் வாசலைக் காட்டுவாள்.

தம்பி அவள் கூடப்பிறந்தவன். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவள் பட்டறையைவிட்டு வெளியேறி, அவள் செய்த கிதார் ஒன்றையே மாதிரியாக வைத்து, எந்திரத்தில் மாதம் முப்பது செய்யத் தொடங்கினான். "இனி என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்றாள் அக்கா. கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். அந்த மடையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். அம்மா வீட்டுக்கு அவள் சனிக்கிழமை போவாள், அவன் ஞாயிற்றுக்கிழமை போவான்.

(முதல் வரைவில் தம்பியை வில்லனாக்கியிருந்தேன். பிறகு அவன் பட்டறைக்கு நேரில் போனேன். ஸ்டூலில் மரத்தூள் இருந்ததென்று தன் சட்டை நுனியாலேயே துடைத்து என்னை உட்காரவைத்தான். அப்புறம் எங்கே வில்லன்?)

3

இருவர் கிதாரையும் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்து, எது யாருடையது என்று அக்கா சொல்கிறாளா பார்க்கலாமே என்று கிளப்பிவிட்டவர் நடனப் பள்ளி ஆசிரியை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவன் கிதார் போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். இதுக்கு ஒரு பரீட்சையா?"

இது தம்பி காதுக்குப் போனது. அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா சரியாச் சொல்லிட்டா அந்த மாடலையே நிறுத்திடறேன்" என்று சொல்லியனுப்பினான். அவன் செய்வதே அந்த ஒரு மாடல்தான். நிறுத்தினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.*

* அக்காவும் பதிலுக்கு ஏதோ சொன்னாளாம். தூது போன ஆசிரியை அதை எடுத்துச் செல்லவில்லை. அச்சில் போட நானும் தயாராக இல்லை.

4

காலை பத்து மணி, பள்ளியின் மரத்தரைக் கூடம். அக்கா முன்வரிசையில், தம்பி கடைசி வரிசையில். திரைக்குப் பின்னால் நம் கிதார்க்காரர்.

முதல் கிதார் பளிச்சென்றது. அக்கா தலையாட்டினாள். இரண்டாவதும் பளிச்சென்றது. போர்வையாவது ஒன்றாவது! பாவி, நன்றாகச் செய்திருக்கிறானே என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அப்போது அந்த இரண்டாவது கிதாரின் மூன்றாம் தந்தி லேசாக இரைந்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முதலாவதா, ரெண்டாவதா?" என்றார் ஆசிரியை.

5

முடிவு அ: "ரெண்டாவது அவனோடது" என்றாள் அக்கா. ஒரே கைதட்டல். தம்பி எழுந்து...

(எழுந்து எங்கே போவான்? மேலே எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: தம்பிக்காக அக்கா வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள். கண்கள் கலங்க...

(இதைத் தொலைபேசியில் படித்துக் காட்டியதும் அக்கா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "நான் எதுக்குப் பொய் சொல்லணும்? என் காது என்ன அவிஞ்சா போச்சு?")

சரி, நடந்ததையே எழுதிவிடுகிறேன். அக்கா எழுந்தாள். ஆசிரியைக்குப் பதில் சொல்லாமல் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"டேய், அந்த மூணாவது கம்பி ஏன்டா இரையுது?"

எட்டு ஆண்டுகளில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை இது. தம்பி திருதிருவென்று விழித்தான்.

"உன் கிதார்ல அப்படித்தானேக்கா இருந்துச்சு?"

"அது என் தப்புடா, மடையா! அடுத்த கிதார்லயே சரி பண்ணிட்டேன். தப்பையுமா பாத்து எழுதுவே?"

"தப்பா? எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சதே அந்தச் சத்தம்தான். மெஷின்ல வரலைன்னு ஒவ்வொண்ணுலயும் நானே அரம் புடிச்சுக் கையால வரவழைக்கறேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அக்கா உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

6

தம்பியின் கிதாரை அக்கா சரியாகக் கண்டுபிடித்துவிட்டாளே, பந்தயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், நேற்று, தொலைபேசியில்.

"அக்கா, தம்பி அந்த மாடலை நிறுத்திட்டாரா?"

"அதுக்குத்தான் இங்க சண்டை நடக்குது. நிறுத்தாதேங்கறேன், கேக்க மாட்டேங்கறான்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "பந்தயம்னா பந்தயம்தான்க்கா! போன்ல யாரு?"

யார் ஜெயிக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு அவசரமே இல்லை. இந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்.