குடும்பத் தலைவர் என்ற கட்டம்

…பதினோராயிரத்து எண்ணூறு பாயிண்ட், அதில் ஒன்றுகூட ரவி அண்ணன் சம்பாதித்ததில்லை, அண்ணன் விமானத்தை இதுவரை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறான், அத்தனையும் நான் சேர்த்தது, பெங்களூரில் ஆபீஸ் சுமாவின் ரூமில் தரையில் படுத்து, விடியற்காலை மூன்றுக்கு எழுந்து, அகமதாபாத்துக்கும் புனேவுக்கும் டெல்லிக்கும் போய், எவனோ ஒருவன் ஃபாக்டரியில் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்து எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே திரும்பி… ஓட்டல் செலவு மிச்சமாம், கம்பெனி அப்படித்தான் அனுப்பும், அதுவும் சீனியர்கள் யாரும் போகமாட்டேன் என்றால்தான் என் பெயர் வரும், இரண்டு வருடத்தில் ஏழு தடவை. முதல் இரண்டு தடவைக்கு, பறந்தால் பாயிண்ட் விழும், அதில் டிக்கெட் எடுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது, யார் சொல்லித் தந்திருப்பார்கள், எங்கள் வீட்டில் டிகிரி வாங்கியதே நான்தான் முதல், சுமாதான் சொன்னாள், போர்டிங் பாஸ் இருந்தால் கேட்கலாம் என்று, நான் இரண்டையும் சர்ட்டிஃபிகேட்டோடு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன், போட்டோ பிடித்து மூன்று மெயில் போட்டேன், கையேந்துகிற மாதிரி, ஒன்றரை மாதம் கழித்து ஏற்றினார்கள். இப்போது அந்தப் பாயிண்ட்டில் யாரோ ஒரு விநாயக் பறந்து வரப்போகிறான், என்னைப் பெண் பார்க்க.

ரயில் பங்காருபேட்டையை விட்டு நகரும்போதுதான் செய்தி வந்தது. ரவிகுமார் அவர்களே, பதினோராயிரத்து இருநூறு பாயிண்ட்டில் டிக்கெட் எடுக்க உங்கள் ஓடிபி, பத்து நிமிடம் செல்லும், புனேயிலிருந்து பெங்களூரு, ஞாயிற்றுக்கிழமை, போக வர, பயணி விநாயக். போன வாரம் அம்மா காட்டிய போட்டோ, அந்த ஆள்தான், அவன் தாத்தாவும் நம்ம தங்கச் சுரங்கத்தில் இருந்தவர்தானாம், மூடினதும் குடும்பமே புனேக்குப் போய்விட்டதாம். செய்தியைப் படித்து முடிப்பதற்குள் அண்ணன் போன். “இன்னா இந்து, ரயில்லதான கீற? நம்பர் ஒண்ணு வந்திருக்கும் பாரு, சொல்லு, கிறிஸ்டோ கடையில உக்காந்துகினு கீறோம்.” ஆண்டர்சன்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிற கிறிஸ்டோ, அண்ணனுக்கு இன்டர்நெட் என்றால் அவன்தான். சிக்னல் இல்லை அண்ணா, கேட்கலை என்று கட் பண்ணினேன். நன்றாகத்தான் கேட்டது.

வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே… ஏன் சொல்லவில்லை? திங்கட்கிழமை எனக்கு டெல்லியில் இன்டர்வியூ, நிலத்தடி நீர் ஆராய்ச்சி, மூன்று வருட வேலை, பதினோரு மணிக்கு இருக்க வேண்டும், அதற்கு ஞாயிறு சாயங்காலமே ஏற வேண்டும், ஆபீசில் கிடைத்த லீவு ஒரே ஒரு நாள், ரயிலில் போனால் போக மட்டுமே இரண்டு ராத்திரி. திரும்பி வர டிக்கெட்டுக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்துவிட்டேன், போகத்தான் பாயிண்ட், பத்தாயிரத்து ஐந்நூறு. ஒருத்தருக்குத்தான் காணும், அவனுக்கா எனக்கா. வீட்டில் யாருக்கும் தெரியாது, கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன், கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம். எதிர் சீட்டில் டெய்சி அக்கா, எலஹங்காவில் துணிக்கம்பெனி வேலை, தினமும் இதே பெட்டி, கண்ணை மூடியபடியே, “இன்னாடி, போனை அடை காக்கறியா, குஞ்சு பொரிச்சா எனக்கொண்ணு குடு” என்றார்கள். சிரித்து வைத்தேன். ஏழு நிமிடம் இருந்தது.

அண்ணன் பெயர் பாயிண்ட் கணக்கில் எப்படிப் போனது… யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. போன வருடம் விமானக் கம்பெனிக்காரன் மெயில் போட்டான், குடும்பமாக ஒரே கணக்கில் சேர்ந்தால் ஆயிரம் பாயிண்ட் இனாம் என்று, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சேர்ந்தேன், குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது, ரவிகுமார் என்று அடித்தேன், யோசிக்கக்கூட இல்லை. எங்கள் ரேஷன் கார்டில்கூட அம்மாதான் தலைவி, கங்கம்மா என்று பெரிசாகப் போட்டிருக்கிறது, அதற்கு மாதம் இரண்டாயிரம்கூட வருகிறது. சர்க்காருக்கே தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்கு மெயில் கிடையாது என்று என் மெயில், என் போன் நம்பர், என் பாயிண்ட், தலைவர் மட்டும் அவன். அப்புறம்தான் விதியைப் படித்தேன், தலைவர் கணக்கிலிருந்துதான் டிக்கெட் எடுக்கலாம், விலகினால் அதுவரை சேர்த்ததெல்லாம் அங்கேயே தங்கிவிடும், திரும்பப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படித்துவிட்டு என்ன செய்தேன், வீட்டுக்குப் போய், அண்ணா இது நம்ம குடும்பத்துது, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் உன்னை ஒரு தடவை ஏற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். மறுநாளே அவன் மெக்கானிக் கடையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

எனக்கு மூன்று வயதில் சுரங்கம் மூடினது. அப்பா இதே ரயிலில் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார், அண்ணன் பத்தாவதோடு புத்தகத்தைப் போட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தான், நான் எம்.எஸ்சி. படித்தேன், அப்பா இறந்தபிறகு ஃபீஸ் முழுக்க அவன்தான். அவனுக்கு நாற்பது நெருங்குகிறது, முன்நெற்றி ஏறிவிட்டது, இந்துவை அனுப்பிட்டுத்தான் நான் என்று வந்த இடத்தையெல்லாம் தட்டிவிட்டான். நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததற்கு ஆயுசுக்கும் தலையாட்ட வேண்டுமா… அம்மா வேறு, நான் ஏர்போர்ட்டில் எடுத்த போட்டோவைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி, பிளேன்ல போற பொண்ணு, பிளேன்ல போற பொண்ணு… காலை இட்லியை ரயில் கக்கூஸ் பக்கத்தில் நின்று தின்ற பொண்ணு என்று அனுப்பியிருக்கலாம். நான் அலைந்ததெல்லாம் என் விலையை ஏற்றத்தான் உதவியிருக்கிறது.

கோரமண்டல் ஸ்டேஷன் வந்தது. வெளியே தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் மேடு இருட்டில் வெளிறிக் கிடந்தது, லேசாகத் தூறல், தூறினால் நல்லது, தூசி வீட்டுக்குள் வராது. பத்து நிமிடம் முடிந்தது, நம்பர் செத்தது, அப்பாடா என்று மூச்சு விட்டேன், உடனே போன். “போவட்டும் வுடு, திரும்ப அனுப்பலாமாம், கிறிஸ்டோ கடையிலதான் கீறான். நான் ஸ்டேஷனாண்டை வந்துகினு கீறேன், நேர்லயே சொல்லு. பையனுக்கு ஒரே நாள் லீவாம், நாமளே டிக்கெட் போட்டாத்தான் மரியாதை. நீதான சொன்ன, நம்ம குடும்பத்துதுன்னு.” எனக்கும் ஒரே நாள்தான் லீவு அண்ணா. வாய் வரைக்கும் வந்தது. சரிண்ணா என்றேன்.

சாம்பியன் ஸ்டேஷன் தாண்டும்போது என் விரல்தான் அதைச் செய்தது என்று சொன்னால் பொய், நான்தான் செய்தேன், அண்ணன் கணக்கைத் திறந்தேன், பெங்களூரு, டெல்லி, ஞாயிறு சாயங்காலம், பயணி இந்து வேலு, ஓடிபி என் போனுக்கே வந்தது, ஆறு நம்பர். என் பாயிண்ட்டை நானே திருட வேண்டியிருக்கிறது… நம்பரை அடித்தேன், வட்டம் சுற்றியது, பச்சையாக ஒரு டிக் வந்தது. மிச்சம் ஆயிரத்து முந்நூறு. கீழே ஒரு வரி: அன்புள்ள ரவிகுமார், இத்தனை நாள் எங்களோடு இருந்த உங்கள் விசுவாசத்துக்கு நன்றி.

மாரிகுப்பம். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது, எல்லாரும் இறங்கியாக வேண்டும். டெய்சி அக்கா பையை இடுக்கிக்கொண்டு, நாளைக்குக் குஞ்சு மறக்காதே என்று இறங்கினார்கள். பிளாட்பாரத்துக்கு வெளியே விளக்குக் கம்பத்தடியில் அண்ணன், வண்டியின் பின் சீட்டைக் கர்ச்சீஃபால் துடைத்துக்கொண்டிருந்தான், தூறல் விழ விழத் துடைத்தான், தன் சீட்டைத் துடைக்கவில்லை. டெல்லி கிடைத்துவிட்டது, ஜெயித்துவிட்டேன், சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் பச்சை டிக் வந்ததிலிருந்து நான் ஒரு வேலைதான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அவனைப் பார்த்ததும்தான் உறைத்தது… சர்வர் போச்சு, எவனோ ஹேக் பண்ணிட்டான், பாயிண்ட் காலாவதியாயிடுச்சு என்று ஒவ்வொரு பொய்யாக எடுத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதை நான் எடுத்தேன், அதற்கு எதற்குப் பொய்? அவன் நிமிர்ந்து பார்த்தான், கர்ச்சீஃபைப் பிழிந்தான்.

“நம்பர் வந்துச்சா?”