சாலை வழி நானூற்றுப் பன்னிரண்டு

விமானச் சீட்டில் ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. பஸ் டிரைவர் அதை மூன்று முறை படித்துவிட்டு, கவுன்டரில் இருந்த பெண்ணிடம் தூரம் எவ்வளவு என்று கேட்டார். இருநூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்றாள். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவரிடமா கதை விடுகிறாள்? மலையைச் சுற்றி ஏறி இறங்கினால் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்பது மணி நேரம்.

"மலைக்கு மேல நேரா போயிடும் சார். பறக்கறது அம்பது நிமிஷந்தான். மிச்சம் தரையில ஓடறதுக்கு."

விமான நிலையம் திறந்த நாளிலிருந்து அதைத் திட்டாத நாளில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். பதினோரு மணிக்கு மகளுக்கு இதய ஆபரேஷன். சொல்லக் கூடாது என்றாளாம், மனசு கேட்கவில்லையாம். பஸ்ஸில் போனால் பிற்பகலாகிவிடும். டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருடம். உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன கோபம் ஆறே மாதத்தில் தணிந்துவிட்டது. வீம்புதான் தணியவில்லை. வாரத்தில் மூன்று இரவு அவள் ஊரில்தான் தங்கல்; ஓய்வறையிலிருந்து அவள் வீடு பத்து நிமிட நடை. கண்டக்டர் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டுச் சேதியெல்லாம் சொல்வார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருப்பார். மகளைப் போய்ப் பார்ப்பதில்லையா என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம், ரொம்ப தூரம், நேரமில்லை என்பார்.

விமானம் எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே கீழே பார்த்தார். அவருடைய சாலை தெரிந்தது. ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஏற்றுகிற மலைப்பாதை மூன்று நிமிடத்தில் பின்னால் போய்விட்டது. நானூற்றுப் பன்னிரண்டையும் ஓட்டிக் கடந்தவனுக்கு அந்தப் பத்து நிமிடம் நடக்கத் துப்பில்லையே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி இரண்டாம் மாடிக்கு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார். மணி பத்து ஐம்பது. மகளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து அறையிலிருந்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தார். இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணி வண்டி எடுக்கணும்லப்பா?"

நான்கு வருடமாக அவருடைய நேரத்தை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

"வேற ஆள் எடுப்பாங்க. நான் இங்கதான் இருப்பேன். நீ போயிட்டு வாம்மா."

ஆஸ்பத்திரிப் பையன்கள் வண்டியைத் தள்ளினார்கள். டிரைவர் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். நடைபாதை முனையில் ஒரு வளைவு. வண்டி குலுங்காமலிருக்க, அவர் கை தானாகவே அதை அகலமாக வாங்கித் திருப்பியது.