அரைநாள் கிராணி

என் மனைவி கைருன்னிசாவுக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. நாவல் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. படித்துவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவள் கருத்துச் சொல்வாள். கோலசிலாங்கூரில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் கல்லா அவள் பொறுப்பு. ஆகவே காசு கொடுக்க வருகிறவர்கள் மீதிச் சில்லறையோடு அவள் கருத்தையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கல்லாவுக்குப் பின்னால் டின் பால் அடுக்கும் அலமாரியில் ஒரு தட்டு அவளுடையது. புதிதாக வந்த நாவல்கள் மட்டும்தான் அங்கே இருக்கும். பழையதையெல்லாம் பெரிய ஆட்கள் பாராட்டி முடித்துவிட்டார்களாம், அதில் தனக்கு வேலை இல்லையாம்.

"மழையில ஆரம்பிக்கிற நாவல நான் நம்புறதில்ல" என்பாள். "எழுத ஒண்ணும் இல்லாதவன்தான் முதல்ல வானத்தைப் பார்ப்பான்."

தோட்டத்து நாவல் என்றால் அவளுக்கு இன்னும் கோபம் வரும். "ரப்பர் மரம் அழுதுச்சாம். மரம் எங்கயாச்சும் அழுமா? வெட்டினா பால் வடியும், அவ்வளவுதான். இப்ப சுத்தி எல்லாம் செம்பனை. செம்பனை அழுதா எண்ணெய்தான் வரும், சட்டி எடுத்துட்டுப் போங்க."

கோலாலம்பூர் நாவல்களையும் விட்டு வைக்க மாட்டாள். ஒரு பெண் கொண்டோமினியத்தின் பால்கனியில் நின்று இருபது பக்கம் தனிமையில் வாடுகிறாள். "இருபது பக்கமா அவளுக்குப் பசிக்கவே இல்லீங்க. நம்ம கடைக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னாள். அந்த நாவலை ஒரு நாள் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கு எடுத்துப் போனோம். ஒரு குரங்கு அதைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கீழே போட்டது. "நான் முழுசா படிச்சேன். அதுக்கு என்னைவிடப் புத்தி இருக்கு" என்றாள்.

அவள் கருத்தை விரும்பிக் கேட்க வருகிற ஒரே மனிதர் குமணன். எங்கள் வரிசையிலேயே மருந்துக் கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் எல்லாரும் ஆங்கிலம் படித்தவர்கள். இவருக்கு மட்டும் நாற்பது வயதுக்கு மேல் தமிழ் நாவல் பித்துப் பிடித்துவிட்டது. மருந்து கொடுக்கிறவருக்கே பிடித்த பித்து, யார் தீர்ப்பது? தினமும் சாயங்காலம் கடையைப் பணியாளிடம் விட்டுவிட்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இழுத்து ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்தபடி கைருவிடம் வாதம் செய்வார்.

நாவல் பேச்சு ஓய்ந்தால் தாத்தாவைப் பற்றிச் சொல்வார். சபாக் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவராம். அந்தக் காலத்தில் கிராணி என்றால் ஆள் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் அவர் கையில்தான். விடியும் முன்னே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வருவாராம். அந்தச் சத்தம் கேட்டதும் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களாம். பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுத பெண்ணுக்கும் அரை நாள்தான் போட்டார். அதனால் அவருக்கு அரைநாள் கிராணி என்றே பேர். ஒரு நாள் டயர் பஞ்சராகித் தானே தாமதமாக வந்தார். தன் பேருக்கும் அரை நாள் போட்டுக்கொண்டார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டுத் திட்டினாராம்.

"அவர் செத்தப்போ தோட்டமே லோரியில ஏறி வந்துச்சு பாய்" என்று குமணன் சொல்வார். "அழ வந்தாங்களா, நெசமாத்தான் செத்துட்டாரான்னு பாக்க வந்தாங்களான்னு எங்க அப்பாவுக்கே கடைசி வரைக்கும் தெரியல. நல்லவரா கெட்டவரான்னு எனக்கும் தெரியல. எழுதிப் பாத்தாத்தான் தெரியும் போல."

"எழுதுங்க தம்பி" என்று கைருவும் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. புதிதாக வந்த ஒரு தோட்டத்து நாவலை முடித்த சூட்டில் இருந்தாள். "எல்லா நாவல்லயும் கிராணி கெட்டவன். எல்லாரும் ஒரே கடையில கண்ணாடி வாங்கினவனுங்க, ஒரே மாதிரி சிரிக்கிறானுங்க. எவனாச்சும் ஒருத்தன் நல்ல கிராணின்னு எழுதினா விசாரிச்சுப் பாருங்க, அவன் அந்தக் கிராணியோட பேரனா இருப்பான்!"

கடையே சிரித்தது. குமணனும் சிரித்தார். ஆனால் அன்று அவர் தட்டில் பாதி ரொட்டி மிச்சம் இருந்தது. கைரு அவரை நினைத்துச் சொல்லவில்லை. பேசும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாவல்தான் தெரியும்.

அடுத்த வருடம் குமணன் ஒரு நாவலை அச்சடித்துக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தார். "அக்கா, பொது மண்டபத்துல வெளியீடு. ஆய்வுரை நீங்கதான் செய்யணும். மத்தவங்க என்ன சொன்னாலும் எனக்குப் பரவால்ல லா. நீங்க சொல்றதத்தான் நான் நம்புவேன்" என்றார்.

நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். பிரமுகர் தாமதமாக வந்து முதல் பிரதியை வாங்குவார். பொன்னாடை போடுவார்கள். ஆய்வுரை செய்கிறவர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்து அரை மணி நேரம் வானளாவப் புகழ்வார். புத்தகத்தைப் படித்துவிட்டு மேடை ஏறுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்களோ என்னவோ. கைரு அந்தப் பக்கமே போக மாட்டாள். குமணனுக்காகச் சரி என்றாள்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு படிக்க உட்கார்ந்தாள். நான் வசவுக்குக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் சத்தம் இல்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, உள்ளே போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். அது அவள் வேலை இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு கைரு?"

"நல்லா இருக்கு."

நாங்கள் கல்யாணம் ஆகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்த நாவலைப் பற்றியும் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. என் தங்கை சமைத்ததைப் பற்றி மட்டும்தான் அப்படிச் சொல்வாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"உண்மையைச் சொல்லு" என்றேன்.

"மழை இல்லீங்க. மரம் அழல. பால்கனி இல்ல. நான் கல்லாவுல உக்காந்து எதெதைத் திட்டினேனோ அது ஒண்ணுகூட இல்ல. ஒரு ஆளு ஆபீசுக்குப் போறான், வீட்டுக்கு வர்றான். தாத்தா எங்க? சைக்கிள் மணி எங்க? இத்தனை பக்கத்துல ஒரு கிராணிகூட இல்லீங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குப் பயந்து எழுதியிருக்காருங்க."

"மேடையில என்னா சொல்லப் போற?"

"தெரியல."

"அந்த மனுஷன் உன் வார்த்தைக்காகத்தான் காத்திருக்கார். பாத்துப் பேசு. மனசு விட்டுப் போச்சுன்னா அப்புறம் பேனாவையே தொட மாட்டார்."

"அதான் எனக்கும் பயம்" என்றாள். வெங்காயம் நறுக்கியதால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை அது.

வெளியீட்டு நாளில் பிரமுகர் வழக்கம்போல் தாமதமாக வந்தார். இரண்டு பேர் நாவலைப் படிக்காமல் நன்றாகப் பேசினார்கள். குமணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கைரு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"குமணன் தம்பி பிழையில்லாம எழுதியிருக்கார். இதுல எனக்குப் பிடிக்காதது ஒண்ணுகூட இல்ல" என்றாள். கூட்டம் கை தட்டியது.

"கை தட்டாதீங்க. நான் புகார் சொல்றேன்." புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இந்தப் புத்தகத்துல ஒரு ஆளு காணாமப் போயிட்டார். சைக்கிள்ல வருவார், மணி அடிப்பார். தம்பி எங்க கடையில உக்காந்து சொல்லிச் சொல்லி எனக்கு அவரை நல்லாத் தெரியும். அவரை யாரு உள்ள விடாம வாசல்லயே நிறுத்தினதுன்னு தேடினேன். என் வாய்தான். தம்பி, நான் ஏதோ சாயங்காலம் பொழுது போகாம பேசினதக் கேட்டு ஒரு மனுஷன வெளிய நிறுத்திட்டீங்களே. எவ்வளவு நேரந்தான் நிப்பார் அவரு?"

அவ்வளவுதான் பேசினாள். இறங்கி வந்தபோது பிரமுகர் மட்டும் பழக்கதோஷத்தில் கை தட்டினார். குமணன் தலை நிமிரவில்லை.

காரில் ஏறியதும் கைரு கேட்டாள். "தனியா சொல்லியிருக்கணுமோ?"

"சொல்லியிருக்கலாம்."

"தனியா சொன்னா நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீங்கன்னு முடிச்சிருப்பேன். அவர் மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பொய் வந்துருக்கும்" என்றாள். வீடு போய்ச் சேரும் வரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நாவல் படித்து அவள் அழுது பார்த்திருக்கிறேன். நாவலில் இல்லாத ஒரு ஆளுக்காக அழுதது அன்றுதான்.

அதற்குப் பிறகு குமணன் வரவில்லை. மின்விசிறிக்குக் கீழே அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. யாராவது உட்காரப் போனால், அது ஆடும் என்று கைரு பொய் சொன்னாள். தலைவலி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு அவளே போனாள். பணியாள்தான் எடுத்துக் கொடுத்தாராம், குமணன் உள்ளே இருந்தாராம். இரண்டு நாவல்கள் தபாலில் வந்தன. பிரிக்காமல் டின் பாலுக்குப் பக்கத்தில் கிடந்தன. கல்லாவில் கருத்து நின்றுபோனதால் வாடிக்கையாளர்கள் சீக்கிரம் கிளம்பினார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதான். எனக்கு மட்டும் கடை கடையாகவே இல்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் குமணன் வந்தார். கையில் கயிறு கட்டிய காகிதக் கட்டு. கல்லாவைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார்.

"பாய், இதத்தான் நான் முதல்ல எழுதினேன். அக்கா பேச்சக் கேட்டு எடுத்து வெச்சுட்டேன். இத நீங்கதான் படிக்கணும்."

"நானா? மெனுவைத் தவிர நான் எதைப் படிச்சிருக்கேன்?"

"அதனாலதான். நீங்க எழுத்துக்கூட்டிச் சத்தமாத்தான் படிப்பீங்கன்னு கடைக்கே தெரியும்." அப்போதும் அவர் கல்லாப் பக்கம் திரும்பவில்லை. "அக்கா கேட்டுக்கலாம். முடியிற வரைக்கும் ஒரு கருத்து சொல்லக் கூடாது. வாயத் திறந்தா கட்டை எடுத்துட்டுப் போயிடுவேன்."

கைரு வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் படித்தேன். முதல் வரியே, அன்று விடியற்காலையிலிருந்து மழை. படித்ததும் பயந்துபோய்க் கைருவைப் பார்த்தேன். கை இன்னும் வாய் மேல்தான் இருந்தது. அடுத்த வரியில் மழைக்குள் சைக்கிள் மணி கேட்டது. ரப்பர் மரம் ஒன்று அழவும் செய்தது. அவள் கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பெண்ணுக்குக் கிராணி அரை நாள் போட்ட இடத்தில் எனக்கே ஆத்திரம் வந்து, "என்னா மனுஷன் இவன்?" என்று கத்திவிட்டேன். எனக்குத் தடை இல்லையே. கைரு முறைத்தாள், பேசவில்லை. குமணன் தே தாரிக்கை ஆற விட்டுக்கொண்டு, என் முகத்தையும் பார்க்காமல் அவள் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

கடைசிப் பக்கங்களுக்கு வந்த அன்று கிராணி படுக்கையில் கிடந்தார். விடிவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. எனக்கு எழுத்துக்கூட்டக் கஷ்டமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து லோரி ஓட்டும் செல்வா சாப்பிட்டு முடித்துக் கல்லாவில் வந்து நின்றார். அவர் சுங்கை சோவுக்குப் போக வேண்டும், அவசரம்.

"அக்கா, எவ்வளவு ஆச்சு?"

எத்தனை வருடமாகக் கடை நடத்துகிறோம். கல்லாவில் ஒரு வாடிக்கையாளரை அவள் காக்க வைத்து நான் பார்த்ததில்லை. கைரு திரும்பாமலே கையைக் காட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க தம்பி. கொஞ்சம் இருங்க" என்றாள். "பெரியவருக்கு உடம்பு முடியல."

செல்வா யாருக்கு என்ன என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குமணன் அன்றுதான் நிமிர்ந்து கைருவைப் பார்த்தார். வாயைத் திறந்துவிட்டாள் என்று காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"நீங்க படிங்க பாய்" என்றார்.