அடுத்தவன் கெட்டித்த துப்பாக்கி

மேட்டூர் அணை கட்டி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த தை மாதம் அது. சங்ககிரி மலைக்குத் தெற்கே, வற்றிப்போன ஓர் ஏரிக்குள் எட்டுத் துப்பாக்கிக்காரர்கள் கூடியிருந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் என்றதும் கொள்ளைக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் காடு தோட்டத்தில் பண்ணயம் பார்க்கிறவர்கள். தாலூகா கச்சேரியில் நடையாய் நடந்து வாங்கிய லைசென்ஸை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள். வருஷம் பூராவும் அந்தத் துப்பாக்கிகளுக்குச் சோளக்காட்டில் பன்றி விரட்டுகிற வேலைதான். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மட்டும், சுண்ணாம்புப் பொட்டு வைத்த சட்டிகளை ஏரிக்கரையில் வரிசையாகக் கவிழ்த்து, அறுபது தப்படி தள்ளி நின்று சுட்டுப் பார்ப்பார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு தலைப்பாகைத் துணி, தோற்றவனுக்கு அடுத்த தை வரைக்கும் கேலி. கேலிக்குப் பயந்தே பாதிப் பேர் மார்கழி முழுக்கத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல் சுட்டுப் பழகினார்கள்.

அந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் துப்பாக்கிக்குத் தானே வெடிமருந்து கெட்டிக்கக் கூடாது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, இவனுடையதற்கு அவன், அவனுடையதற்கு இவன். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து ஓர் அளவு கூடிப்போனால் குழல் வெடித்துச் சுடுகிறவன் முகம் போய்விடும். ஆகவே அடுத்தவன் கெட்டித்ததை வாங்கிக் கன்னத்தோடு அணைத்துச் சுடுவதென்றால், அவன் கையில் உயிரைக் கொடுக்கிறேன் என்று ஊர் பார்க்கச் சொல்வதுதான். வாங்கிய துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்தால் கெட்டித்தவனைச் செருப்பால் அடித்த மாதிரி. பஞ்சாயத்தில் தீராத சண்டைக்காரர்களைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்துவிடுவார்கள். சட்டி உடைந்ததும் பகையும் உடைந்துவிட்டதாகக் கணக்கு.

அந்த வருஷம் சின்னண்ணனையும் மருதாசலத்தையும் ஜோடி சேர்த்தார்கள்.

மருதாசலம் வேறு யாருமில்லை, சின்னண்ணனின் மனைவி வள்ளியாத்தாளுடைய கூடப்பிறந்த தம்பி. சின்னண்ணன் மகள் செல்லாயிக்கு மருதாசலத்தின் மகன்தான் என்று இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். ஐப்பசியில் மருதாசலம் சத்தமில்லாமல் மகனுக்கு ஈரோட்டுப் பக்கம் பெண் எடுத்துவிட்டான். மகன் ஒற்றைக் காலில் நின்றான், நான் என்ன செய்வேன் என்றான். சின்னண்ணன் கேட்கிற ஆளா? கோபம் வந்தால் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது அவனுக்கு. சந்தையில் பத்துப் பேர் நடுவில், அவன் என் எல்லைக்குள் கால் வைத்தால் சுட்டுப்போடுவேன் என்று சொல்லிவிட்டான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் வெறும் பேச்சு. துப்பாக்கி வைத்திருப்பவன் சொன்னால் அது கச்சேரி வரைக்கும் போகிற பேச்சு. எட்டு லைசென்ஸுக்கும் ஆபத்து என்று மற்றவர்கள் பதறினார்கள். ஆனால் சின்னண்ணனுக்கு உறைத்தது லைசென்ஸ் இல்லை. மூன்று மாதமாக வள்ளியாத்தாள் அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். தம்பி வீட்டுப் படி ஏறாமலே அவள் பொங்கல் போனது. இன்றைக்குச் சமாதானம் ஆனால் நாளைக்கே வண்டி கட்டி அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பலாம். அதற்காகத்தான் மீசையை மடக்கிக்கொண்டு ஏரிக்கு வந்திருந்தான்.

முதலில் மருதாசலத்தின் துப்பாக்கிக்குச் சின்னண்ணன் கெட்டிக்க வேண்டும். அது மருதாசலத்தின் அப்பன் காலத்துத் துப்பாக்கி, குழல் தேய்ந்து மெலிந்தது. கூட்டத்துக்கு மூத்தவரான தீர்த்தகிரி எடுத்துக் கொடுத்தார். சின்னண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மருந்து வைத்திருக்கும் மாட்டுக் கொம்பைச் சாய்த்து, ஓர் அளவு எடுத்துக் குழலுக்குள் சரித்தான். பின்னாலிருந்து யாரோ, மச்சினனுக்குச் சீர் வைக்கிற மாதிரி பாத்துப் போடுங்க என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மருதாசலமும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் சின்னண்ணனைச் சுட்டது. மகளை வேண்டாம் என்றவன், இங்கே வந்து பல்லைக் காட்டுகிறான். முகம் ஜிவ்வென்று ஏற, கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. நார் திணித்தது, குண்டு போட்டது, மறுபடி நார் திணித்தது, கம்பியால் இடித்தது. சரியான அளவு கெட்டித்திருந்தால் கம்பியில் இருக்கும் கீறல் குழல் வாய்க்கு நேராக நிற்கும். அவன் அதைப் பார்க்காமலே கம்பியை உருவிவிட்டான்.

துப்பாக்கியைக் கொடுத்தபோது மருதாசலம் இரண்டு கையாலும் வாங்கினான். ஏற இறங்கப் பார்க்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு, சுடுகிற இடத்தில் கிடந்த கல்லை நோக்கி நடந்தான்.

சின்னண்ணன் மருந்துக் கொம்பை மூட எடுத்தான். அது கையில் லேசாக இருந்தது. இருக்க வேண்டியதைவிட லேசாக.

ஓர் அளவு போட்டது ஞாபகம் இருந்தது. சிரிப்புக்கு அப்புறம் மறுபடி கொம்பைச் சாய்த்தேனா? சாய்த்த மாதிரியும் இருந்தது, சாய்க்காத மாதிரியும் இருந்தது. நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? சந்தையில் சொன்னதைச் செய்யப் பார்த்தான், கடைசி நேரத்தில் நெஞ்சு நடுங்கி உளறிவிட்டான் என்பார்கள். வள்ளியாத்தாள் காதுக்குப் போகும். ஓர் அளவுதான் போட்டிருப்பேன், எத்தனை வருஷமாகக் கெட்டிக்கிறேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான்.

மருதாசலம் கல் மேல் ஒரு காலை வைத்து, பொறி கக்கும் கேப் என்ற சின்னச் செம்பு மூடியைச் செருகி, துப்பாக்கியைக் கன்னத்தோடு சேர்த்தான்.

"மாப்ளே, சுட்டுடாதே. எறக்கு." சின்னண்ணனின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "மருந்து ரெண்டு தரம் போட்டுட்டனோன்னு சந்தேகமா இருக்குது."

மருதாசலம் மெதுவாகத் துப்பாக்கியை இறக்கினான். தீர்த்தகிரி கேப்பை எடுத்துப் போட்டுவிட்டு, திருகு முனைக் கம்பியைக் குழலுக்குள் விட்டு நாரையும் குண்டையும் வெளியே இழுத்தார். துண்டை விரித்துக் குழலைக் கவிழ்த்துத் தட்டினார். கறுப்பு மருந்து குவியலாக விழுந்தது. பார்த்த உடனே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் நியாயத்துக்கு அளந்து காட்டினார். ஓர் அளவு நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது.

யாரும் சின்னண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருவர் தொண்டையைச் செருமினார், ஒருவர் மலையைப் பார்த்தார். அவனுக்கு அழுகை முட்டியது. உள்ளதைச் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேனே, அது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியவில்லையா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிசகுதானுங்க, சத்தியமாப் பிசகுதானுங்க என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னான். மாரியம்மன் மேல் ஆணை வைத்தான். என்னை நம்புங்கள் என்று, ஜென்மத்தில் யாரிடமும் கெஞ்சாதவன் கெஞ்சினான்.

நம்பியது மருதாசலம்தான். வேர்த்திருந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சின்னண்ணன் பக்கத்தில் நின்றான். கை தவறுவது யாருக்கும் உள்ளதுதான், தானும் ஒரு தரம் இப்படிப் போட்டிருப்பதாகச் சொன்னான். தப்பை மறைக்காமல் சொன்னாரே, அதுக்கு மேலே என்ன வேணும் என்று கூட்டத்தைக் கேட்டான். பந்தயத்தை இதோடு கலைத்துவிடலாம் என்று தீர்த்தகிரி சொன்னதற்கு அவன் ஒப்பவில்லை. பாதியில் விட்டால் பகை பாதியில் நிற்கும் என்று சொல்லிவிட்டு, சின்னண்ணனின் துப்பாக்கியைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சின்னண்ணனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மகன் செய்ததை அப்பன் தலையில் வைத்து இவனைப் போய் இத்தனை நாள் வெறுத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மருதாசலம் முதுகு காட்டி உட்கார்ந்து கெட்டித்தான். வெயிலுக்கு அப்படி உட்கார்ந்தானோ என்னவோ. அவன் முழங்கை ஏறி இறங்குவது மட்டும்தான் சின்னண்ணனுக்குத் தெரிந்தது. கொம்பு தெரியவில்லை. ஒரு தரம் சாய்ந்ததா, அதற்கு மேலா என்று தெரியவில்லை. கம்பி இடிக்கிற சத்தம் கேட்டது. அது கொஞ்சம் அதிக நேரம் கேட்ட மாதிரி இருந்தது. இவன் இப்போது சாகப் பிழைத்தவன், இவன் மனதில் என்ன ஓடுகிறதென்று யார் கண்டது என்று ஒரு நினைப்பு வந்தது. சின்னண்ணன் அதைத் தள்ளினான். தள்ளத் தள்ள அது வந்தது.

மருதாசலம் எழுந்து துப்பாக்கியை நீட்டினான். சின்னண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கல்லுக்குப் போனான். காலை வைத்தான். கேப்பைச் செருகினான். கரை மேல் சுண்ணாம்புப் பொட்டு வெள்ளையாகத் தெரிந்தது. துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தான். இரும்பின் சூடு பட்டதும் கன்னம் தன்னால் விலகியது. மறுபடி வைத்தான். மறுபடி விலகியது. விரல் விசையின் மேல் இருந்தது, மடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாவது இழுத்துவிடு என்று தன்னையே வைதுகொண்டான். விரல் மடங்கவில்லை.

துப்பாக்கியை இறக்கிவிட்டான். கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னான். அதை யாரும் நம்பவில்லை.

மருதாசலம் வந்து அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினான். அதே கல்லில் காலை வைத்து, கன்னத்தை அழுத்திக் குறி பார்த்துச் சுட்டான். கரையில் சட்டி சிதறியது. புகை கலைகிற வரைக்கும் அப்படியே நின்றுவிட்டு, திரும்பி வந்து துப்பாக்கியைச் சின்னண்ணன் கையில் வைத்தான்.

"நான் அப்படிச் செய்வேன்னு உங்களுக்குத் தோணிச்சுங்களா, மச்சான்?" என்று தணிந்த குரலில் கேட்டான். "எனக்கு அது தோணவே இல்லீங்க. உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

சின்னண்ணன் குழல் வாயில் படிந்த கரியைக் கட்டை விரலால் துடைத்தான். மருதாசலம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த ரெண்டாவது அளவு, தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

இல்லை என்று சொல்லச் சின்னண்ணன் வாயைத் திறந்தான். அந்த ஒரு வார்த்தை வெளியே வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.