லோர்னாவின் ஜன்னலும் என் புகைபோக்கியும்

பக்கத்து வீட்டு லோர்னா என்னைப் பற்றிக் கவுன்சிலுக்குப் போன் செய்யாத பருவமே கிடையாது. கோடை வந்தால் என் தோட்டத்துப் புல் முழங்காலைத் தாண்டிவிட்டது, ஒரு பொறி விழுந்தால் தெருவே போய்விடும் என்பாள். இலையுதிர்காலத்தில் பழைய எண்ணெய் டிரம்மில் நாலு சருகைக் கொளுத்தினால், வீட்டு வளாகத்தில் தீ மூட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்பாள். குளிர்காலத்துக்கு என் விறகுக் கணப்பு. கூடத்து மூலையில் நிற்கிற அந்த இரும்புப் பெட்டி இல்லாவிட்டால், டாஸ்மேனியாவில் எங்கள் பள்ளத்தாக்குக் குளிருக்கு என் முழங்கால் இரண்டும் மடங்காது. இந்த உலகத்தில் நான் உண்மையாக நேசிக்கிற பொருள் அது ஒன்றுதான்.

அவளையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. ஜூலை எங்களுக்கு நடுக்குளிர்காலம்; காலையில் புகை மேலே போகாது, பள்ளத்தாக்கிலேயே படுத்துக்கொள்ளும். படுப்பதற்கு அது தேர்ந்தெடுக்கிற இடம் லோர்னாவின் துணிக்கொடி. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், குரல் அதற்கேற்றபடி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்தினால் என் வீட்டுக் கண்ணாடி அதிரும்.

"யோவ் கிளாரி, விறகு எரிக்கிறியா, பழைய செருப்பு எரிக்கிறியா? என் தலையணை உறை எல்லாம் கருவாடு மாதிரி நாறுது."

"தலையணையில மூக்க வச்சு என்ன பண்ற, கண்ண மூடித் தூங்கு" என்பேன்.

அப்புறம் அவள் போன் செய்வாள், நெவில் வருவான்.

நெவில் கவுன்சில் ஆள். புல், தீ, புகை, குரைக்கிற நாய் எல்லாம் அவன் தலையில்தான். மனைவி இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. வாய் பேசத் தெரியாத மனுஷன். அபராதம் போடும்போதுகூட மன்னிப்புக் கேட்பான். கவுன்சில் விதி என்னவென்றால், புகைபோக்கியிலிருந்து புகை பத்து மீட்டருக்கு நீண்டு, பத்து நிமிடம் விடாமல் தெரிய வேண்டும். அப்போதுதான் அது குற்றம். ஆக, அவன் எங்கேயாவது உட்கார்ந்து பத்து நிமிடம் என் புகைபோக்கியைப் பார்த்தாக வேண்டும். அதற்குத் தோதான இடம் லோர்னாவின் சமையலறை ஜன்னல்.

ஜூன் மாதம் முதல் தடவை வந்தபோது பத்து நிமிடம்தான் உட்கார்ந்தான். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டாவது தடவை முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது மீசையில் ஜாம் ஒட்டியிருந்தது.

"இது ரெண்டாவது கிளாரி. மன்னிச்சுக்கோங்க. மூணாவது தடவை எழுதினா கணப்புக்கு சீல் வைக்கச் சொல்லிடுவாங்க. ஈர விறகு போடாதீங்க, காத்துத் துவாரத்தைத் தொறந்து வைங்க" என்றான்.

"மீசையத் தொடச்சுட்டு மிரட்டுய்யா" என்றேன். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டான்.

அன்றே பச்சைக் கட்டைகளை ஒரு மூலையில் ஒதுக்கிப் போட்டேன். அந்த வாரமே கால்பந்துக் கிளப்பில் குலுக்கல் நடந்தது. பரிசு எப்போதும் போல ஒரு டிரெய்லர் நிறைய விறகு. அத்தனை வருஷம் சீட்டு வாங்கி ஒரு சுள்ளிகூட விழாத எனக்கு அன்று விழுந்தது. இரண்டு கோடை காய்ந்த யூகலிப்டஸ். தட்டினால் மணி மாதிரி ஓசை கேட்கும். அதைப் போட்டு எரித்ததும் என் புகைபோக்கியில் புகையே இல்லை. மேலே காற்று லேசாக நடுங்குவதை வைத்துத்தான் உள்ளே தீ இருப்பது தெரியும். நான் ராஜா மாதிரி கால் நீட்டி உட்கார்ந்தேன்.

லோர்னா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு வாரம் போனதும் அவள் ஜன்னலில் நின்று என் கூரையை அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்தேன். அடுத்த வாரமும் நின்றாள். அவளுக்குப் பின்னால் மேஜையில் டீ பாத்திரம், இரண்டு கோப்பை. மூன்றாவது வாரம் வேலிக்கே வந்துவிட்டாள்.

"கணப்பு நல்லா எரியுதா?"

"நல்லா எரியுது."

"விறகு எதுவும் ஈரமாகலையே? மழை பெஞ்சுதே."

"தார்ப்பாய் போட்டு மூடியிருக்கேன்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். குரலே எழும்பவில்லை. எனக்கு அந்த "ஓ" கேட்டதும் சங்கடமாகிவிட்டது. அவள் கணவன் கேரவன் வண்டி விற்கிற ஒருத்தியோடு குவீன்ஸ்லாந்துக்குப் போன அன்றுகூட, தெருவே கேட்கத் திட்டிவிட்டு இரண்டு தட்டு நிறையப் பலகாரம் செய்தவள் இவள். இப்போது புகை இல்லை, புகார் இல்லை, நெவில் வரவும் வழியில்லை. அந்த மக்குப் பயலுக்குத் தானாக வரத் தைரியம் கிடையாது.

இரண்டு நாள் யோசித்தேன். கணப்பைப் பார்த்தேன், முழங்காலைப் பார்த்தேன், கோபம் கோபமாக வந்தது. ஊர்க்காரர்கள் காதலுக்கு நான் ஏன் குளிரில் சாக வேண்டும் என்று உரக்கவே கேட்டுக்கொண்டேன். பிறகு எழுந்துபோய், பச்சை மரம் என்று ஒதுக்கிப் போட்டிருந்ததில் நாலு கட்டையை எடுத்துக் குழாயைத் திறந்து நன்றாக நனைத்தேன். கணப்பில் திணித்துக் காற்றுத் துவாரத்தை மூடினேன்.

அப்படி ஒரு புகையை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. மஞ்சளும் சாம்பலுமாகக் கிளம்பி, கூரையில் உருண்டு, வேலியைத் தாண்டி, லோர்னாவின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் போய் அணைத்துக்கொண்டது. இப்போது கத்துவாள், இப்போது போனை எடுப்பாள் என்று வாசலில் நின்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் நெவிலின் கார் தெருவில் திரும்பியது.

இவ்வளவு சீக்கிரமா என்று எனக்கே ஆச்சரியம். இறங்கினான். கவுன்சில் சட்டை இல்லை. இஸ்திரி போட்ட நீலச் சட்டை. தலைமுடி தண்ணீர் தொட்டு வாரியிருந்தது. கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். என் வீட்டுப் புகையைப் பார்த்ததும் பையோடு நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன கிளாரி இது?"

"பார்த்தா தெரியல? புகை. போ, அவ ஜன்னல்ல உக்காந்து நிதானமா பாரு."

"இன்னைக்கு சனிக்கிழமைங்க. ஆபீஸ் லீவு."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். எங்கள் கால்பந்து அணி வெளியூரில் ஆடப் போயிருந்ததால், சனிக்கிழமை என்று காட்டிக்கொடுக்கிற மைதானத்துச் சத்தமும் காதில் விழவில்லை.

"அப்ப எதுக்கு வந்த?"

அவன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். அதற்குள் லோர்னா துணிக்கூடையோடு இருமிக்கொண்டே ஓடி வந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நெவிலைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு முடியை ஒதுக்கினாள்.

நெவில் தொண்டையைச் செருமினான். "லோர்னா, நீங்க புகார் சொன்னா லீவு நாளானாலும் நான் எழுதியாகணும். இது மூணாவது. இவரு கணப்புக்கு சீல்தான். புகார் பண்றீங்களா?"

லோர்னா என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். நனைந்த விறகு எது, காய்ந்த விறகு எது என்று எனக்கு முன்னாலிருந்தே அந்தத் தெருவில் குளிர் காய்கிறவளுக்குத் தெரியாதா? அவள் பார்வை என் முற்றத்துக் குழாயடி ஈரத்தில் போய் நின்றது. நான் எதற்காக இதைச் செய்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அவள் சமையலறையில் போய் உட்கார்வான். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"எந்தப் புகை?" என்றாள் லோர்னா.

எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் ஒரு பெரிய புகைச் சுருள் தவழ்ந்து போனது. நெவில் தும்மினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் மறுபடியும், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கிளாரி கணப்பு இந்த வருஷம் ரொம்ப நல்லா எரியுது. புகாரே கிடையாது."

எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். நெவில் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றான். "அப்போ எனக்கு உள்ள வர்றதுக்குக் காரணமே இல்லையே."

"காரணம் ஒண்ணும் வேணாம். நீங்க வாங்க."

அவர்கள் இரண்டு பேரும் துணிக்கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் உள்ளே போய், புகைந்த கட்டைகளை இடுக்கியால் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். காய்ந்த விறகு வைத்துத் திரும்ப மூட்டினேன். காலையில் வந்த நெவில் அன்று தன் காரை எடுத்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.